சவக்காரத்துக்குச் சிவக்காத மஞ்சள்

"உப்பு சேத்திருக்க—"

"சேக்கல—"

"சேக்காமயா காமாலை இப்புடிச் சட்டமா குந்திக்கிட்டு எறங்க மாட்டேங்குது? எம் மருந்து—"

"உம் மருந்து வேலை செய்யலன்னா எஞ் சட்டிய ஏன்யா தொறந்து பாக்கற—"

"என்னப் பேச வுடும்மா. எங்கப்பன் காலத்துலேர்ந்து இது பொய்ச்சதில்ல. எண்ணெ வாசனை வருது பாரு. மீனு வறுத்திருக்க நீ."

"அது பக்கத்து வூட்டு வாசனை. அத மோந்துக்கிட்டுத்தான் நாங்க இங்க உப்பில்லாத கஞ்சி குடிக்கறோம்."

மண்ணாங்கட்டி வைத்தியர் அரியாங்குப்பத்திலிருந்து பாலம் தாண்டி வெயிலில் நடந்து வந்தவர். காமாலைக்கு மருந்து கொடுப்பதில் சுற்றுவட்டாரத்தில் பேர் எடுத்தவர். அந்தப் பேருக்கு முதலியார்பேட்டையில் இந்த ஒரு வீட்டில் பங்கம் வந்துகொண்டிருந்தது. கமலவேணி அடுப்படியை மறித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேருக்கும் நடுவில், கூடத்துப் பாயில், எலுமிச்சம்பழ நிறத்தில் ஒரு மனிதன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான். அவள் புருஷன் உத்திராபதி.

"ஏம்பா, நீயாச்சும் சொல்லு. ஒளிச்சு வச்சு எதனா திங்கறியா?" என்று கேட்டார் வைத்தியர்.

"இல்ல" என்றது முதுகு.

"இன்னொரு சுத்து மருந்து குடுக்கறேன். இதுக்கும் எறங்கலன்னா கோளாறு மருந்துல இல்ல, வூட்டுல."

அவர் போன பிறகும் கமலவேணிக்கு ஆத்திரம் அடங்கவில்லை. எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்து வைத்ததே அவள்தான். ஆட்டுப்பாலுக்கு விடியற்காலையில் அலைந்ததும் அவள்தான். கடைசியில் பழி மட்டும் அவள் கைப்பக்குவத்துக்கு.

உத்திராபதி சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வது. சைகோனில் வெடிமருந்துக் கிடங்கில் இருந்தான். அங்கே சண்டை முடிந்து பட்டாளம் மூட்டை கட்டியபோது நீண்ட லீவில் ஊருக்கு அனுப்பினார்கள். கல்யாணமான நாளிலிருந்து கமலவேணிக்குப் புருஷன் என்றால் லீவில் வந்து போகிற ஆள்தான். இந்தத் தடவையாவது நின்றுவிடுவான் என்று நினைத்திருந்தாள். ஏனென்றால் ஊரில் பிரெஞ்சுக் கொடியே இறங்கி இரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஆனால் கொடி இறங்கியதே தவிர, அவன் பட்டாளத்தில் போட்ட கையெழுத்து இறங்கவில்லை. அதற்கு இன்னும் கெடு பாக்கி இருந்தது. ஆப்பிரிக்காவில் அல்ஜேரியில் சண்டை, கப்பல் வருகிறது, ஏறு என்று உத்தரவு வந்தது.

உத்தரவு வந்த வாரமே அவனுக்குக் கண் மஞ்சளித்தது.

கமலவேணி அப்போது உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாள் என்பதுதான் உண்மை. அம்மன் சன்னதியில் நின்று, நோயும் தீரணும், அதுக்கு முன்ன கப்பலும் போயிடணும் தாயே என்று முறை வைத்து வேண்டிக்கொண்டாள். ஆனால் நாளாக ஆக அவன் வாந்தி எடுத்தான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான், நடந்தால் தள்ளாடினான். அதற்கப்புறம் கப்பலை மறந்துவிட்டு, ஆள் பிழைத்தால் போதும் என்று வேண்ட ஆரம்பித்தாள்.

அன்று மத்தியானம் அவன் தலையணை உறையையும் சட்டையையும் கிணற்றடிக்கு எடுத்துப்போனாள். உறை முழுக்க மஞ்சள் வியர்வை. சவக்காரத்தைப் போட்டுத் தேய்த்தாள். நுரையும் மஞ்சளாகத்தான் வந்தது. இதுவரை எத்தனையோ முறை துவைத்திருக்கிறாள், சந்தேகம் தோன்றவில்லை. அன்றைக்குச் சட்டைப் பையின் மூலையில் கட்டியாக ஒட்டியிருந்த மஞ்சளைத் தேய்த்தபோதுதான் கை நின்றது. மஞ்சள் கிழங்கு என்றால் சவக்காரம் பட்டதும் சிவந்துவிடும். புடவையில் மஞ்சள் கறை பட்டு ரத்தம் மாதிரி சிவக்காத வீடு உண்டா? இது எத்தனை தேய்த்தும் பளிச்சென்ற மஞ்சளாகவே நின்றது. அவள் விரல் எல்லாம் அதே நிறம் ஏறிவிட்டது.

கமலவேணி ஈரக்கையோடு உள்ளே போய் அவனுடைய தகரப் பெட்டியைத் திறந்தாள். அடியில், கம்பளிச் சட்டைக்குள் சுருட்டி, மரத்தில் கடைந்த ஒரு பொடி டப்பா.

"என்னா மாமா இது?"

"பொடி."

"நீ எப்பலேர்ந்து பொடி போடற? மூக்குப்பொடின்னா பழுப்பா இருக்கும். இது தாழம்பூ மாதிரி இருக்குது."

"கீழ வை. மொள்ள வை."

"கசக்குது. வேப்பங்கா கூட இப்புடிக் கசக்காது."

"நாக்குல வச்சியா?" படுத்த படுக்கையாய்க் கிடந்தவன் ஒரே எழும்பலில் உட்கார்ந்துவிட்டான். "துப்புடி. வாயக் கொப்புளி."

"நீ துப்புனியா?"

கமலவேணி புடவைத் தலைப்பால் நாக்கைத் துடைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள்.

"மெலினித்" என்றான்.

"தமிழ்ல சொல்லு."

"பீரங்கிக் குண்டுக்குள்ள அடைக்கற மருந்து."

"நீ அதத் திங்கற."

"கொஞ்சூண்டு."

"கொஞ்சூண்டு குண்டு." அவள் தலையை ஆட்டினாள். "அந்த மனுசன் எஞ் சட்டிய மோந்து பாக்கறாரு. நான் உப்புப் போட்டேனா, எண்ணெ வுட்டேனான்னு தெருவே பஞ்சாயத்துப் பண்ணுது. இங்க நீ குண்டத் தின்னுட்டு செவுத்தப் பாத்துப் படுத்திருக்க."

"அங்க பட்டாளத்துல எல்லாரும் அறிஞ்சதுதான் வேணி. அத அள்ளிக் கொட்டறவனுக்குக் கை மஞ்சளாயிடும், முடி மஞ்சளாயிடும். உள்ள போச்சுன்னா கண்ணும் மஞ்சளாயிடும். காமாலைன்னு வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. மொதல்ல அது சாயந்தான். அவங்க ஊர்ல பட்டுக்குப் போட்ட சாயம். எவனோ ஒருத்தன் அத உருக்கி இரும்புக் கூட்டுல ஊத்திப் பாத்திருக்கான். நெருப்பு வச்சா சும்மா பொகைஞ்சுக்கிட்டு எரியும். குண்டு மூக்குல ஒரு உசுப்பு மருந்து இருக்கு, அது உசுப்புனாத்தான் வெடிக்கும். வெடிச்சா ஒரு கல்லு வூடு இருந்த எடத்துல பள்ளம் இருக்கும்."

"அத வயித்துல போட்டுக்கிட்டு எங்கூடப் படுத்திருக்க."

"வயித்துல அது விஷம். வெடி இல்ல."

"அப்ப சரி" என்றாள் கமலவேணி. "விஷம்னா பரவால்ல."

அவளுக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறிவிட்டது. டப்பாவை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். தண்ணீர் வைத்திருந்த பித்தளைத் தவலை எதிரில் இருந்தது. அதன் மேல் டப்பாவைக் கவிழ்க்கப் போனாள்.

"பித்தளையில வேணாம்."

அந்தக் குரலில் அவன் இதுவரை பேசி அவள் கேட்டதில்லை. கத்தவில்லை, ஆனால் டப்பா அந்தரத்தில் நின்றது. தள்ளாடிய ஆள் பாய்ந்து வந்து டப்பாவைத் தட்டினான். கொஞ்சம் அவள் ஈரக்கையில், கொஞ்சம் தரையில். தவலைக்குள் எதுவும் விழவில்லை என்று குனிந்து பார்த்தான். அப்புறம் மண்பானை ஒன்றில் தண்ணீர் ஊற்றி, டப்பாவில் மிஞ்சியதை அதில் கரைத்தான். ஈரத்துணியால் தரையை ஒற்றி ஒற்றி எடுத்தான், தேய்க்கவில்லை. எல்லாம் முடித்துவிட்டுத்தான் அவள் கையைப் பார்த்தான். பத்து விரலும், உள்ளங்கையும், மணிக்கட்டு வரைக்கும் மஞ்சள்.

முதலில் தவலை, அப்புறம் தரை, கடைசியாக நான் என்று கமலவேணி மனதுக்குள் வரிசை வைத்துக்கொண்டாள்.

"செம்பு, பித்தளை, ஈயம் எதுவும் அதுக்கு ஆகாது" என்றான் அவன், சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு. "தின்னுடும். தின்னு ஒரு புது உப்பாப் பூத்து நிக்கும். மருந்து சாது, அந்த உப்புதான் எமன். ஒரு தட்டு போதும், ஒரு ஒரசல் போதும். அதுக்குத்தான் குண்டுக்குள்ள வார்னிஷ் பூசித்தான் ஊத்துவாங்க. பழங் குண்டுல வார்னிஷ் உரிஞ்சு போயிருக்கும். அதக் கண்டுபுடிச்சு ஒதுக்கறதுதான் அங்க எங்க வேலை. எனக்கும் வேம்புக்கும்."

வேம்பு அவனோடு கப்பலேறிய சிநேகிதன். சைகோனில் காய்ச்சலில் போய்விட்டான் என்று ஊரில் சொல்லியிருந்தார்கள்.

"காய்ச்சல் இல்ல" என்றான் உத்திராபதி. "நல்லா நனைச்சுட்டுத் தொறன்னு எத்தினி தடவ சொல்லியிருப்பேன். அன்னிக்கு அவசரம். குண்டு மூடியோட மறையச் சுத்துனான். மறையில அந்த உப்பு பூத்திருந்தது. அவ்ளோதான். அவன் பொண்டாட்டிக்குக் குடுக்கறதுக்கு ஒரு செருப்புக் கூட கெடைக்கல."

பக்கத்து வீட்டில் மறுபடி மீன் வறுபட்டது.

"அல்ஜேரியிலயும் அந்த வேலையா?"

"இப்பல்லாம் வேற மருந்து வந்துடுச்சு. அது இரும்பத் திங்காது, தூக்கிப் போட்டாலும் கேக்காது. அதுக்கு ஆளு நெறய இருக்கான். இந்தக் கெழட்டு மருந்துக்குத்தான் ஆளு இல்ல. மலையில ஒரு கெடங்கு நெறய கெடக்குதாம். பழக்கம் உள்ளவன் வேணுமாம்."

"எடுத்து என்னா பண்ணுவாங்க?"

"கெட்டுப் போனதக் குழியில வச்சு வெடிப்பாங்க."

"நல்லா இருக்கறத?"

"பீரங்கியில போடுவாங்க."

"யார் மேல?"

"கேக்காத வேணி."

அவள் கையைத் தண்ணீரில் அலசினாள். தண்ணீர் மஞ்சளித்தது, கை வெளுக்கவில்லை.

"போவலன்னு சொல்லிடு. இது இந்தியா ஆயிடுச்சே, இங்க வந்து எவன் ஒன்னப் புடிப்பான்?"

"அது எவனுக்கும் தெரியல. இந்தப் போலீசக் கேட்டா நீ பிரெஞ்சு ஆளு, கான்சல்கிட்டக் கேளுங்கறான். கான்சல் ஆபீசுல கேட்டா ஓடிப்போனா ஓடிப்போனவந்தான், எங்க இருந்தாலும் ஜெயிலுங்கறான். ஊரு கைமாறிடுச்சு, பத்திரம் மாறலங்கறான். நான் எந்தப் பக்கம்னு எவன் வாயிலயும் வரல."

"எங்கிட்டச் சொல்லிட்டுத் தின்னிருக்கலாம் இல்ல?"

"சொன்னா வுட்டிருப்பியா?"

"வுட்டிருக்க மாட்டேன்."

"அதான்."

"ஆனா சாமிகிட்டப் பொய் சொல்லியிருக்க மாட்டேன். இந்த ஊர்ல இருக்கற அம்மன்கிட்டல்லாம் போய் எம் புருசனுக்குக் காமாலைன்னு அழுதுட்டு வந்திருக்கேன். அவங்கள்லாம் என்னா நெனச்சிருப்பாங்க?"

அவன் சிரித்துவிட்டான். அவளுக்கும் வந்தது, அடக்கிக்கொண்டாள். கோபத்தை அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்க மனசில்லை.

மறுநாள் காலையில் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் ஊரைவிட்டுப் போகாமல் கடற்கரை வீதிப் பக்கம் தங்கிவிட்ட பிரெஞ்சுக் கிழவர் ஒருவர்தான் கப்பலேறுகிற சொல்தாக்களுக்கு உடம்பு தகுதியா என்று பார்த்துச் சொல்வார். தின்னது போதும், உடம்பில் ஏறிய நிறம் நாளை வரைக்கும் நிற்கும் என்றான் உத்திராபதி. படுத்த படுக்கையாகக் கிடக்கிறவன் தனியாக நடந்து போனால் யார் நம்புவார்கள்? அவள் கைத்தாங்கலாகக் கூட்டிப் போக வேண்டும். மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. போய்ச் செத்துத்தொலை என்று சொல்லவும் வரவில்லை.

"ஆனா கைய வெளிய காட்டாத" என்றான். "காமாலை பொண்டாட்டி வெரல்ல ஒட்டாது."

கமலவேணி புளி போட்டுத் தேய்த்தாள். சாம்பல் போட்டுத் தேய்த்தாள். எலுமிச்சம்பழ மூடியை விரல் விரலாகச் சொருகிப் பார்த்தாள். தோல் எரிந்ததுதான் மிச்சம். மருதாணி வைத்தால் மறைந்துவிடும் என்று தோன்றி, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த தனக்கொடியிடம் ஒரு பிடி இலை கேட்டாள்.

"மருதாணியா?" என்றாள் தனக்கொடி. "புருசன் இப்பவோ அப்பவோன்னு கெடக்கான், ஒனக்கு வெரல் செவக்கணுமா? நல்லா இருக்குடி ஒங் குடும்பம்."

அதற்கு மேல் கேட்க முடியுமா? திரும்பி வந்துவிட்டாள்.

ரிக்‌ஷாவில் போகும்போதே இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி இடுப்போடு அணைத்துக்கொண்டாள். வாசலில் இறங்கியதும் உத்திராபதி அவள் தோளில் சாய்ந்தான். பாதி நடிப்பு, பாதி உண்மையான தள்ளாட்டம். எது எவ்வளவு என்று பிரிக்க அவளால் முடியவில்லை.

டாக்டர் அவனைப் படுக்க வைத்தார். இமையை விலக்கிப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், வயிற்றை அழுத்தினார். பிரெஞ்சில் கேட்டார், அவன் பிரெஞ்சில் முனகினான். கமலவேணிக்குச் சொல் புரியவில்லை, ராகம் புரிந்தது. கிழவர் குரலில் இரக்கம் இருந்தது. தலையை ஆட்டிக்கொண்டே கையைக் கழுவித் துடைத்தார். உத்திராபதி அவளை ஓரக்கண்ணால் பார்த்தான். முடிந்துவிட்டது, கப்பல் நீ இல்லாமல் போகும் என்று அவர் சொல்லிவிட்டதாகவே அந்தக் கண் சொல்லியது.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். இந்த ஊரிலேயே நரைத்த மனிதர். மரியாதை தெரிந்தவர். நோயாளியின் சம்சாரம் ஓரமாக நிற்கிறாள், அவளுக்கு இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று நினைத்திருப்பார். நேராக வந்து, இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே குவித்து, தலை தாழ்த்தி, "வணக்கம் அம்மா" என்றார்.

கமலவேணியின் கைகள் முந்தானையிலிருந்து வெளியே வந்து குவிந்தன.

அவள் எடுக்கவில்லை. அவை தாமாக வந்தன. பத்து விரலும் சேர்ந்து, நுனி மேலே பார்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் அவர் முகத்துக்கு நேராக நின்றன. குவித்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. பிரித்து உள்ளே இழுக்கலாம் என்றால், பெரியவர் குவித்த கையை இன்னும் இறக்கவில்லை.

டாக்டர் விரல்களைப் பார்த்தார். பாயில் கிடந்த மாதிரி அங்கேயும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவனைப் பார்த்தார். மறுபடி விரல்களைப் பார்த்தார்.

"மஞ்சள் அரைச்சேன்" என்றாள் கமலவேணி. "காலையில. கொழம்புக்கு."

"அப்படியா அம்மா" என்றார் டாக்டர். தொட்டியோரம் இருந்த சவக்காரத்தைக் காட்டினார். "சோப்பு இருக்கு. கழுவுங்கோ. மஞ்சள்னா சிவப்பு வரும். எங்க வீட்டுச் சமையல்காரம்மா துணியில நான் பாத்திருக்கிறேன்."

அவள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

கிழவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், களைத்துப் போனவராகத்தான் தெரிந்தார். "முதல் பெரிய சண்டையில நான் சின்ன டாக்டர். தினம் பசங்க வருவான். கண் மஞ்சள், தோல் மஞ்சள். நிறைய பேரை நான் நம்பினேன். நான் நம்பாதவன் சண்டைக்குத் திரும்பிப் போனான், செத்தான்." நிறுத்தினார். "அவன் எவனுக்கும் பக்கத்துல மஞ்சள் கையோட பொண்டாட்டி இல்ல அம்மா."

"நீங்க பாக்காத மாதிரி இருந்துடுங்க ஐயா" என்றாள் கமலவேணி. "நான் கும்புடாத மாதிரி."

"பாத்தாச்சே" என்றார் டாக்டர். "நான் இதை எழுதினா இவனுக்கு ஜெயில். எழுதல. காமாலை இல்லன்னு மட்டும் சொல்லுவேன். அந்த மஞ்சள் மருந்தை நிறுத்தினா உடம்பு தேறும், கப்பல் வரும், ஏறணும். நான் செய்ய முடியறது அவ்வளவுதான்."

உத்திராபதி எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டான். விறைப்பாக ஒரு சலாம் வைத்தான். இப்போது தள்ளாடவில்லை. அவளுக்கு முன்னால் படியிறங்கிப் போனான்.

ரிக்‌ஷாக்காரன் கூப்பிட்டான், அவன் ஏறவில்லை. தெற்கே நடந்தான். அவள் பின்னால் நடந்தாள். முந்தானைக்குள் கையை மறைக்க இனி அவசியம் இல்லை. இருந்தும் பழக்கமாக மறைத்துக்கொண்டாள்.

முதலியார்பேட்டை திருப்பத்தில் மண்ணாங்கட்டி வைத்தியர் எதிரே வந்தார். உத்திராபதி நிமிர்ந்து நடந்து வருவதைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார்.

"பாத்தியா, பாத்தியா. ஆளு கால ஊனி நடக்கறான். நேத்துக் குடுத்தது புடிச்சுக்கிச்சு. என்னாம்மா, இப்ப சொல்லு, கோளாறு மருந்துலயா, சட்டியிலயா?"

"சட்டியிலதான்" என்றாள் கமலவேணி.

"ஒத்துக்கிட்ட பாரு, அது நல்ல பொம்பளைக்கு அழகு" என்று சொல்லிவிட்டு, யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்கிற வேகத்தோடு அவர் கடைத்தெருப் பக்கம் போனார்.

இரண்டு பேரும் மறுபடி நடந்தார்கள். தெரு வந்தது. தனக்கொடி வேலியில் நின்று பார்த்தாள். வீட்டுக்குள் போனதும் உத்திராபதி தகரப் பெட்டியை இழுத்து வைத்துத் திறந்தான். மேலே கிடந்த வேட்டிகளை எடுத்து ஒரு பக்கம் வைத்தான். கம்பளிச் சட்டையை உதறி மடிக்க ஆரம்பித்தான். மஞ்சள் தூள் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு மடிப்பையும் விரித்துப் பார்த்தான், மறுபடி மடித்தான். திட்டினாலாவது தேவலை என்று இருந்தது அவளுக்கு. அவன் திட்டவில்லை.

கமலவேணி நிலைப்படியில் நின்று கையை வெளியே எடுத்தாள். பத்து விரலையும் விரித்து அவன் பக்கம் நீட்டினாள்.

"அவ்ளோ பெரிய மனுசன் எதிர்ல வந்து கையக் குவிச்சா, நான் வேற என்னா மாமா பண்ணியிருக்கணும்?"